முடிவு தெரியாமல் பின்னிய சால்வை

முந்தானையை விரித்துக் காட்டச் சொல்லாமல் இதுவரை ஒரு புடவைகூட வாங்கியிராத மதுரைக்காரி நான். அப்படிப்பட்டவள், 2023 செப்டம்பரில், முழு உருவத்தைக் காட்டும் படம் எதுவுமே இல்லாத ஒரு சால்வையின் பின்னல் குறிப்புக்குப் பணம் கட்டினேன். அந்தச் சால்வை இப்போது என் நாற்காலியின் முதுகில் தொங்குகிறது. அதை முடிப்பதற்குள் நான் செய்த தவறுகள் மூன்று. இரண்டு என்னைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது. மூன்றாவது, வெளிச்சத்தில் வைத்து நெருங்கிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தவறும் எப்படி நேர்ந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைச் சொன்னால், இப்படியொரு வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில் குடியிருக்கிறேன். மதுரையில் படித்தபோது கைத்தொழில் வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரி நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களையும் சொல்லிக் கொடுத்தார். அந்த வெயிலில் உல்லன் ஊசிக்கு என்ன வேலை? பிறந்த குழந்தைகளுக்குக் குல்லாவும் காலுறையும் பின்னியதோடு அந்த வித்தை பரண் ஏறிவிட்டது. இங்கே வந்து, அக்டோபர் மாத மழையையும் நாலரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரையும் பார்த்த பிறகுதான் ஊசிகளை மறுபடியும் கையில் எடுத்தேன். இங்கே பல ஊர்களில் ‘ப்ரைகஃபே’ என்ற பெயரில் பின்னுகிறவர்கள் கூடி உட்கார்வார்கள். எங்கள் பகுதியிலும் சனிக்கிழமை காலைகளில் அப்படியொரு கூட்டம் நடக்கும். மர்மச் சால்வையைப் பற்றி நான் கேள்விப்பட்டது அங்கேதான்.

ஏற்பாடு எளிமையானது. வடிவமைப்பாளர் தம் குறிப்பு முழுவதையும் ஒரேயடியாகத் தராமல் நான்கைந்து துண்டுகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக வெளியிடுவார். ஒவ்வொரு துண்டுக்கும் துப்பு என்று பெயர். எவ்வளவு நூல் வேண்டும், எத்தனை நிறம், எந்த அளவு ஊசி, என்னென்ன நுட்பங்கள் வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவார், உருவத்தைச் சொல்லமாட்டார். அமெரிக்காவில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழும் ஸ்டீபன் வெஸ்ட் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நடத்தும் மர்மச் சால்வைதான் இவற்றுள் மிகவும் பெயர்பெற்றது. உலகின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அதைப் பின்னுகிறார்கள். நான் எடுத்தது அவருடையது அன்று. அதே முறையில் வேறொருவர் வெளியிட்ட, அளவில் சற்றுச் சிறியது. அக்டோபர் 6-ஆம் தேதி தொடங்கி நான்கு வெள்ளிக்கிழமைகள், நான்கு துப்புகள். கடைசித் துப்பு 27-ஆம் தேதி வந்துவிடும். தீபாவளி நவம்பர் 12. புதுப் புடவைமேல் போர்த்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பியதைப் பின்னால் சொல்கிறேன்.

முன்னறிவிப்பில் இருந்த விவரம் இவ்வளவுதான்: காலுறைக்குப் பயன்படும் மெல்லிய ரகக் கம்பளி நூல், நான்கு நிறங்களில் நிறத்துக்கு 100 கிராம், 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் வட்ட ஊசி, அதாவது இரண்டு ஊசிமுனைகளை இணைக்கும் நூறு சென்டிமீட்டர் கம்பியுடன். நான்கு நிறங்களுக்கும் பெயரில்லை. முதல் நிறம், இரண்டாம் நிறம் என்று எண் மட்டுமே. ‘முதல் இரண்டு நிறங்களும் ஒன்றுக்கொன்று நன்றாக எதிர்நிற்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை மதுரைக்காரியின் மூளையோடு படித்ததுதான் என் முதல் தவறு.

எதிர்நிற்கும் நிறம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது கான்ட்ராஸ்ட் பார்டர். மயில்கழுத்து நிற உடலுக்கு அரக்குக் கரை போட்ட பட்டுப் புடவை எங்கள் வீட்டில் என் அம்மாவுக்கு உண்டு, அத்தைக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆகவே முதல் நிறம் மயில்கழுத்து, இரண்டாம் நிறம் அரக்கு. மூன்றாவதற்கு மாம்பழ மஞ்சளையும் நான்காவதற்கு வெங்காயத்தோல் நிறத்தையும் எடுத்துக்கொண்டேன். நான்கு கண்டுகளையும் மேசைமேல் அடுக்கியபோது, கல்யாண வீட்டுக் கட்டிலில் சீர்ப் புடவைகளைப் பரப்பி வைத்தாற்போல அவ்வளவு நிறைவாக இருந்தது. கைப்பேசியில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். “கண்ணு பட்டுரும்டி” என்று பதில் வந்தது.

முதல் துப்பு சுலபம். ஏழு கண்ணிகளில், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களில் தொடங்கி, இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்; எல்லா வரிசையும் நிட். முதலிரு நிறங்களும் மாறி மாறிப் பட்டைகளாக வந்தன; ஒவ்வொரு பட்டையும் இரண்டு விரல் அகலம். மயில்கழுத்தும் அரக்கும் அடுத்தடுத்து நின்றபோது நான் எதிர்பார்த்ததைப் போலவே இருந்தன. மூன்று மாலைகளில் முடித்துவிட்டு, மீதி நாட்களில் அடுத்த வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு வயதில் தொடர்கதைக்காக வாரப் பத்திரிகை வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இது புரியும்.

அக்டோபர் 13-ஆம் தேதி வந்த இரண்டாம் துப்பில்தான் வேலை தொடங்கியது. அது மொசைக் பின்னல். அமெரிக்கரான பார்பரா வாக்கர் இந்தப் பெயரை வைத்துப் பரவலாக்கினார். இரண்டு நிறங்களையும் ஒரே வரிசையில் சேர்த்துப் பிடிக்க வேண்டிய அவசியமே இதில் இல்லை. ஒரு நிறத்தை மட்டும் வைத்து இரண்டு வரிசைகள் பின்ன வேண்டும். மற்ற நிறம் தெரிய வேண்டிய இடங்களில் கண்ணியைப் பின்னாமல் அப்படியே ஓர் ஊசியிலிருந்து மறு ஊசிக்கு நகர்த்திவிட வேண்டும். நகர்த்தப்பட்ட கண்ணி கீழ் வரிசையிலிருந்து மேலே இழுபட்டு வந்து, தன் நிறத்தைப் புது வரிசையிலும் காட்டும். அடுத்த இரண்டு வரிசைகளுக்கு மற்ற நிறம். இப்படியே மாற்றி மாற்றிப் பின்னினால், கோபுரப் படிகளைப் போலவும் சிறு கட்டங்களைப் போலவும் உருவங்கள் எழும். கைக்கு மிகவும் எளிது. பார்ப்பவர்களுக்கோ ஏதோ பெரிய வித்தை போலத் தோன்றும்.

எனக்கு உருவம் எழவில்லை. பத்து வரிசை ஆயிற்று, இருபது ஆயிற்று. மடியில் வைத்து விரலால் தடவிப் பார்த்தால் படிகள் இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் மங்கிய கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பரப்பு மட்டும் இருந்தது. ஏதோ தவறு என்று அப்போதே மனத்துக்குப் பட்டது. ஆனால் பின்னுகிறவர்களுக்கென்றே ஒரு சமாதானம் இருக்கிறது: ‘கழுவிக் காய வைத்தால் சரியாகிவிடும்’. அதைச் சொல்லிக்கொண்டே முப்பத்து நான்கு வரிசை வரை போய்விட்டேன். வரிசைக்குச் சுமார் 190 கண்ணிகள்.

21-ஆம் தேதி ப்ரைகஃபேயில் அதை விரித்துக் காட்டினேன். எழுபதைக் கடந்த ஒரு டச்சு மூதாட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “உருவம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். கிண்டலில்லை, உண்மையாகவே தேடினார். பிறகு என் கைப்பேசியை வாங்கி, சால்வையைப் படம் பிடித்து, அதிலிருந்த நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினார். மயில்கழுத்தும் அரக்கும் ஒரே சாம்பல். எது எந்த நிறம் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

அதை அன்று மாலை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். புடவையில் அத்தனை அழகாக எடுபடும் இணை, இங்கே ஏன் செத்துப்போயிற்று? புடவையில் உடல் ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே நிறமாக ஓடுகிறது. கரை ஒரு சாண் அகலத்துக்கு ஒரே நிறமாக நிற்கிறது. போதாததற்கு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சரிகைக் கோடு ஓடி இரண்டையும் பிரித்து வைக்கிறது. என் முதல் துப்பிலும் பட்டைகள் அகலமாக இருந்ததால் பிழைத்தன. மொசைக்கிலோ ஒரு கண்ணியின் அகலம் நாலரை மில்லிமீட்டர்தான். அவ்வளவு நுணுக்கமாக இரு நிறங்கள் மாறும்போது, கை தொலைவில் இருந்து பார்க்கும் கண் இரண்டையும் கலந்துவிடுகிறது. இதில் எனக்கு வெட்கம் தந்த விஷயம் ஒன்று உண்டு: மயில்கழுத்து நிறம் என்று தறியில் சொல்லப்படுவதே பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓட, கண் அவற்றைக் கலந்து காண்பதுதான். சிறு வயதிலிருந்து அந்தப் புடவையின் மடிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பக்கத்து நிறத்தால் ஒரு நிறத்தின் தோற்றம் மாறும் என்பதும் புதிதன்று. பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ருல், பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது, கறுப்புச் சாயம் வலுவாக இல்லை என்ற குறையை ஆராயப் போய், பழுது சாயத்தில் இல்லை, அதை ஒட்டி நெய்யப்பட்ட நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். 1839-இல் அதை விரிவான நூலாகவும் வெளியிட்டார். ஆகவே முன்னறிவிப்பில் ‘எதிர்நிற்க வேண்டும்’ என்று இருந்தால், அதை வெளிர்மையும் அடர்த்தியும் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையா சிவப்பா என்பது அதற்கு அடுத்தபடி. நூல் வாங்கும் முன் கண்டுகளை அடுக்கிக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தால் அரை நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். அதோடு நிற்காமல், நாலோ ஆறோ வரிசை மொசைக் துண்டு ஒன்றைப் பின்னி, சுவரில் குத்தி, அறையின் அந்தக் கோடியிலிருந்து பார்க்க வேண்டும். மர்ம வேலையில் எந்த நிறம் எதனோடு சேரும் என்று முன்னே தெரியாது என்பதால், நான்கு நிறங்களையும் வெளிரிலிருந்து அடர்த்தி வரை படிப்படியாக அமைத்துக்கொள்வதே பத்திரம். என்னுடையது போல இரண்டு அடர் நிறங்களை முதலிரண்டு இடங்களில் வைப்பது ஆபத்து.

பிரிப்பதா, வேண்டாமா என்று ஞாயிறு முழுவதும் தீர்மானிக்க முடியவில்லை. திங்கட்கிழமை 23-ஆம் தேதி சரஸ்வதி பூசை. வீட்டுப் புத்தகங்களோடு என் வட்ட ஊசியையும் சால்வையோடு சேர்த்துச் சந்தனமிட்டு வைத்துவிட்டேன். அன்று அதைத் தொடக் கூடாது. அந்த ஒரு நாள் இடைவெளிதான் எனக்குப் புத்தி கொடுத்தது. மறுநாள் விஜயதசமியன்று, எல்லோரும் புதிதாகத் தொடங்கும் நாளில், நான் பிரிக்கத் தொடங்கினேன். காணொளியில் பார்த்த அம்மா, “நல்ல நாளும் அதுவுமா பிரிக்கிறியேடி, நாளைக்குப் பிரிச்சா என்ன?” என்றாள். “நாளைக்குன்னா மனசு மாறிரும்மா” என்றேன்.

பிரிப்பதற்கும் முறை இருக்கிறது. நான் வழிநூல் போடாமல் போனது இரண்டாம் தவறு. ஒவ்வொரு துப்பையும் தொடங்கும் முன், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் மெல்லிய பருத்தி நூலையோ பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் இழையையோ தையல் ஊசியால் கோத்துவிட வேண்டும். பிறகு எவ்வளவு பிரித்தாலும் அந்த வரிசையில் வந்து கண்ணிகள் நின்றுவிடும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாததால், மொசைக் தொடங்குவதற்கு முந்தைய வரிசையைக் கண்டுபிடித்து, இரண்டரை மில்லிமீட்டர் மெல்லிய ஊசி ஒன்றை ஒவ்வொரு கண்ணியின் வலக் காலிலும் நுழைத்து, கோடு தப்பாமல் மறு ஓரம் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எண்ணியபோது இரண்டு கண்ணிகள் குறைந்தன. அவற்றைத் தேடி மறுபடியும் அரை மணி நேரம். அதன் பின்னர் நூலை உருவ, முப்பத்து நான்கு வரிசையும் பத்து நிமிடத்தில் போய்விட்டது. வருத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தலைமுடியைச் சிக்கெடுத்த பிறகு வரும் இலேசுதான் வந்தது.

இனி எந்த நிறத்தை வைப்பது? வழக்கமான குறிப்பாக இருந்தால் கடைசிப் பக்கம் வரை புரட்டி, எந்த நிறத்துக்கு எங்கே என்ன வேலை என்று பார்த்துவிட்டு மாற்றலாம். மர்மக் குறிப்பில் அது முடியாது. நான்காம் நிறம் இதுவரை தலைகாட்டவே இல்லை. ஆகவே அதற்குக் கடைசியில்தான் வேலை இருக்கும் என்று ஊகித்தேன். வெங்காயத்தோலை இரண்டாம் நிறத்தின் இடத்துக்கு உயர்த்தி, அரக்கை நான்காம் இடத்துக்கு இறக்கினேன். முதல் துப்பில் வந்த அரக்குப் பட்டைகள் அப்படியே இருக்கட்டும், ஓரத்திலும் அதே நிறம் வந்தால் தொடக்கமும் முடிவும் ஒத்துப்போகும் என்று ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன். நாலே வரிசையில் படிகள் பளிச்சென்று எழுந்தன. மயில்கழுத்துப் பின்புலத்தில் வெங்காயத்தோல் நிறக் கோபுரங்கள். அந்த டச்சு மூதாட்டிக்குக் காட்டியபோது தலையை மட்டும் ஆட்டினார். அவரிடம் அதுவே பெரிய பாராட்டு.

மூன்றாம் துப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாம்பழ மஞ்சளில் துளைத்துளையான சல்லடைப் பின்னலும் நடுநடுவே வரிசையை முழுதாகப் பின்னாமல் பாதியில் திரும்பும் ஆப்பு வடிவங்களும் வந்தன. வரிசைக்கு 300 கண்ணிகளைத் தாண்டிவிட்டதால் ஒரு வரிசைக்கே கால் மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு இருபது கண்ணிக்கும் ஒரு வளையக் குறியை மாட்டினால், தப்பு நேர்ந்தால் இருபதுக்குள் தேடினால் போதும். ப்ரைகஃபேயில் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி மூன்றாம் துப்பை முடித்திருந்தாள். முடிந்ததைப் பார்க்காமல் பின்ன வேண்டும் என்பதில் சிலர் விரதம் போல உறுதியாக இருக்கிறார்கள். அவள் பையைத் திறந்தபோது கண்ணை மூடிக்கொண்டவர்களும் உண்டு. நான் நன்றாகப் பார்த்தேன். ஒரு முறை முப்பத்து நான்கு வரிசையைப் பிரித்தவளுக்கு அந்த உரிமை உண்டென்றே இன்றும் கருதுகிறேன்.

அதற்குள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வந்து போய்விட்டது. சாயங்காலத்தில் அடர் நிற நூலைப் பின்ன வெளிச்சம் போதவில்லை. மஞ்சள் ஒளி விளக்கின் கீழ் மயில்கழுத்து கறுப்பாகவே தெரியும். வெள்ளை ஒளி தரும் விளக்கு ஒன்றைத் தோளுக்குப் பின்னால் வைத்த பிறகுதான் கண்ணிகளை அடையாளம் காண முடிந்தது. தீபாவளியன்று மூன்றாம் துப்பின் கடைசி வரிசைகளில் இருந்தேன். போர்த்திக்கொள்ளும் ஆசை போயிற்று, அம்மா காணொளியில் ஊசியில் சுருண்டு கிடந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, “என்னடி அது, சுருட்டி வச்ச பாய் மாதிரி இருக்கு?” என்றாள். வட்ட ஊசியில் இருக்கும் வரை எந்தச் சால்வையும் அப்படித்தான் இருக்கும். அதன் முழு முகம் கண்ணிகளை முடித்து இறக்கிய பிறகே தெரியும். அதனால் இந்த மர்மத்தில் பாதி, குறிப்பை எழுதியவர் வைத்தது. மீதி ஊசியே வைப்பது.

நான்காம் துப்பு, நான் ஊகித்ததைப் போலவே, அகலமான கரை. நீண்ட ஓரம் முழுவதிலும் 420 கண்ணிகளைப் புதிதாக எடுத்து, நான்காம் நிறத்தில் 52 வரிசைகள்; அதன்மேல் மூன்று கண்ணியில் கயிறு போல உருண்டு வரும் ஓர முடிப்பு. நிறத்தை இடம் மாற்றியதற்கான விலை இங்கே வந்து நின்றது. நான்காம் நிறத்துக்கு முழுதாக நூறு கிராம் இருக்கும் என்று எண்ணித்தான் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. என் அரக்கிலோ முதல் துப்பிலேயே 26 கிராம் போய்விட்டது. மீதி 74.

இந்த நிலையில் பதற்றப்பட்டு வேகமாகப் பின்னுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். வேகமாகப் பின்னினால் நூல் மிச்சமாகும் என்பது போல. தராசை எடுப்பதுதான் வழி. சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே சரியாகக் காட்டாது. அதனால் ஒரு வரிசைக்கு எடை பார்ப்பதில் பயனில்லை. ஆறு வரிசைகள் பின்னி, முன்னும் பின்னும் கண்டை நிறுத்தேன்: ஒன்பது கிராம். வரிசைக்கு ஒன்றரை கிராம், அதாவது ஆறு மீட்டர். 52 வரிசைக்கு 78 கிராம் வேண்டும், கையிருப்பு 74. கயிறு முடிப்போ, ஒவ்வோர் ஓரக் கண்ணிக்கும் மூன்று கண்ணி பின்ன வேண்டியிருப்பதால், மூன்று முழு வரிசைகளுக்கான நூலைத் தின்னும். அதற்கு நாலரை கிராம், எச்சரிக்கைக்காக ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். பத்து கிராம் துண்டு விழுந்தது.

அதே சாயத் தொட்டியில் முக்கிய இன்னொரு கண்டு கிடைக்குமா என்று விசாரித்தேன். கைச்சாயம் என்பதால் அந்தத் தொகுதி தீர்ந்துவிட்டிருந்தது. வேறு தொகுதியைக் கொண்டு கடைசிப் பத்து கிராமைப் பின்னியிருந்தால் கரையின் ஓரத்தில் கோடு போட்டாற்போலத் தெரியும். ஆகவே நான்கு வரிசைகளை வெட்டினேன்: 48 வரிசை, 72 கிராம். முடிப்பை மாம்பழ மஞ்சளுக்கு மாற்றினேன். அதில் 21 கிராம் சும்மா கிடந்தது. அரக்குக் கரையின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கயிறு ஓடி முடிந்தபோது, சரிகைக் கோடு இல்லையே என்று இரண்டாம் வாரத்தில் நான் ஏங்கியதற்குப் பதில் கிடைத்தாற்போல இருந்தது. அரக்கில் மிஞ்சியது சரியாக இரண்டு கிராம். மேசைமேல் வைத்தால் ஒரு கோலிக்குண்டு அளவு.

நவம்பர் 19-ஆம் தேதி இரவு கண்ணிகள் எல்லாம் இறங்கின. கழுவும் வேலை பாக்கி. இங்கேதான் மூன்றாம் தவறு. அரக்கு நூலை வாங்கிய அன்றே, ஈரமான வெள்ளைத் தாளில் சில நிமிடம் அழுத்தி வைத்துச் சாயம் விடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கழுவும் முன் பார்த்தேன். தாள் ரோசா நிறமாயிற்று. தொடக்கத் திட்டப்படி அரக்குக்கு அருகில் மயில்கழுத்து இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. நான் செய்த இடமாற்றத்தால், கரையும் வெங்காயத்தோல் கோபுரங்களும் மடிப்பில் ஒன்றையொன்று தொடும் நிலை.

அம்மாவின் யோசனை உடனே வந்தது: “உப்புத் தண்ணியில போட்டு எடுடி, புதுச் சுங்குடிக்கு அப்படித்தான செய்வோம்.” சுங்குடி பருத்தி; அதன் சாயம் வேறு வகை. கம்பளிக்குப் போடும் அமிலச் சாயங்களைப் பிடித்து வைப்பது அமிலமும் சூடும்தான். உப்பு அந்த வேலையைச் செய்யாது. குளிர்ந்த நீரில் வினிகரை மட்டும் ஊற்றினாலும் பெரிய பலன் இல்லை, சூடு வேண்டும். முடித்த சால்வையைச் சுடவைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் விட்ட சாயம் மற்றொன்றில் ஏறாமல் பார்த்துக்கொள்வதே வழி என்று முடிவு செய்தேன். அகலமான தொட்டியில் நிறையக் குளிர்ந்த நீர், அதில் துணி துவைக்கும்போது போடும் சாயம் உறிஞ்சும் தாள்கள் இரண்டு. வழக்கமான இருபது நிமிடத்துக்குப் பதிலாக ஐந்தே நிமிடம். நீர் இளஞ்சிவப்பானதும் மாற்றி, மறுபடியும் ஐந்து நிமிடம். பிழியாமல் துண்டில் பாய் சுருட்டுவதைப் போலச் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, ஒரு நொடிகூட மடித்துக் குவித்து வைக்காமல் உடனே தரையில் விரித்தேன். மடிந்து கிடக்கும் ஈரத்தில்தான் நிறம் தாவும்.

குழந்தைகள் விளையாடும் பஞ்சுப் பலகைகளை ஒட்டவைத்து அதன்மேல் சால்வையை நீட்டி, துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஓரங்களைக் குத்தினேன். இந்த ரகக் கம்பளி, துவைத்தாலும் சுருங்கிக் கட்டியாகாதபடி செதில் நீக்கிப் பதம் செய்யப்பட்டது. அதனால் நனைந்ததும் எதிர்பார்த்ததைவிட அதிகம் நீளும். ஊசியிலிருந்து இறங்கியபோது 168 சென்டிமீட்டர் இருந்த மேல் விளிம்பு, விரித்தபோது 204-க்குப் போயிற்று. இன்னும் இழுக்கலாம் போல இருந்தது, இழுக்கவில்லை. சல்லடைத் துளைகள் திறந்துகொள்ளும் அளவோடு நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மொசைக் பகுதி தளர்ந்து தொங்கும். நவம்பர் குளிரில் உலர இரண்டு பகல், இரண்டு இரவு. ஒரு மூலையில், உள்ளங்கை அளவுக்கு, வெங்காயத்தோல் நிறம் சற்றே மாதுளைத் தோல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. நெருங்கிப் பார்த்தால் தெரியும் என்று தொடக்கத்தில் சொன்னது அதைத்தான்.

தரையிலிருந்து எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு கைப்பேசியின் முன் நின்றேன். அம்மா ஒரு பேச்சும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “திரும்பு, முந்தானை எந்தப் பக்கம்?” என்றாள். முக்கோணச் சால்வைக்கு முந்தானை கிடையாது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, திரும்பி நின்று, முதுகுப் பக்கம் இறங்கிய அரக்குக் கரையைக் காட்டினேன். “ம், அதான பார்த்தேன்” என்றாள்.